எழுபத்து நான்கு துடிப்புகள்

கருவியைப் பொருத்திய அன்று ஸ்ரவந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என் குரல்லயேதான் சொல்லுங்களா அது?"

"ஆமாங்க. உங்க குரலேதான். வார்த்தை மட்டும் தமிழ்."

பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதில் அது. அப்படியே ஒப்பித்தேன். ஓசூர் மொழி வளர்ச்சி மையத்தில் பேச்சுப் பயிற்சியாளராகச் சேர்ந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

கருவியின் பெயர் தெளி. ஊறவைத்த கொண்டைக்கடலை அளவில் இரண்டு உருண்டைகள், காதுக்கு ஒன்று. பேச்சு தாமதமாக வரும் குழந்தைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று இருந்தால் குழம்பிப்போவார்கள் என்பது அதைச் செய்தவர்களின் முடிவு. எனவே தெளி ஒரு மொழியைத்தான் உள்ளே விடும். வேறு மொழியில் யார் பேசினாலும் அதைத் தடுத்து, அதே குரலில், பள்ளியின் மொழிக்கு மாற்றிக் காதுக்குள் சொல்லும்.

சஹஸ்ராவுக்கு அப்போது ஐந்தரை வயது. வீட்டில் தெலுங்கு, மழலையர் பள்ளியில் தமிழ். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். அதை யாரும் நோயாக நினைத்ததில்லை. ஆனால் சஹஸ்ராவுக்கு இரண்டுமே மெதுவாக வந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர இருநூற்றைம்பது தமிழ்ச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. அவளிடம் அறுபத்தொன்று இருந்தன. ஏப்ரல் தேர்வுக்குள் எட்டாவிட்டால் கிருஷ்ணகிரியில் உள்ள சிறப்புப் பள்ளி. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், வேனில்.

தெளி அணிய ஒப்புக்கொண்டால் மட்டுமே ஏப்ரல் வரை அவகாசம் தருவார்கள். குழந்தை வீட்டில் விழித்திருக்கும் நேரம் முழுக்க அது காதில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் கழற்றினால் கருவி பதிவு செய்துவிடும். அப்படி மூன்று பதிவு விழுந்தால் அவகாசம் ரத்து.

ஸ்ரவந்தி குழந்தையின் முன்னால் குனிந்து, "இட்ரா தல்லி" என்றாள். இங்கே வாடி தங்கம் என்று பொருள். கருவி என்ன சொன்னது என்பது என் கையிலிருந்த திரையில் ஓடியது: "மகளே, இங்கே வா."

சஹஸ்ரா அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு எட்டி, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். பேசியது யார் என்று.

நான் படிவத்தில், "ஒலியைத் தேடுகிறாள். கவனம் நன்று" என்று எழுதினேன்.

*

செப்டம்பரில் அறுபத்தொன்று ஐம்பத்திரண்டாகக் குறைந்தது.

ஸ்ரவந்தி பாகலூர் சாலையில் ஒரு ரோஜாப் பண்ணையில் வேலை செய்தாள். பறித்த ரோஜாக்களை நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டும் வேலை. மையத்துக்கு வரும்போது தலையில் கட்டிய துணியை அவிழ்க்க நேரமிருக்காது. விரல்களில் முள் கீறல் இருக்கும். அன்றைக்கு உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"தெலுங்குப் படத்தைத் தமிழ்ல டப் பண்ணிப் போடுவாங்கல்ல மேடம். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் வரும். நமக்கு அது ரெண்டரை மணி நேரம். பாத்துட்டு எந்திரிச்சு வந்துடலாம். எம் பொண்ணுக்கு தினமும்."

"கொஞ்ச நாள்ல பழகிடும்ங்க."

"எது? அம்மா டப்பிங் ஆயிட்டதா?"

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"திட்டினாக்கூட அது கொஞ்சுதுங்க. நேத்து சுடுதண்ணி குண்டான்ல கைய விடப் போனா. நான் கத்தின கத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்தாங்க. இவ காதுக்குள்ள என்ன சொல்லுச்சோ, திரும்பி என்னைப் பாத்து சிரிக்கறா. மூஞ்சி கோவமா இருக்கு, பேச்சு சாதுவா இருக்கு. பிள்ளை எதைத்தான் நம்பும்?"

பதிவை எடுத்துப் பார்த்தேன். "மகளே, அது சூடாக இருக்கிறது. கவனமாக இரு" என்றிருந்தது.

சஹஸ்ரா மேசைக்கு அடியில் உட்கார்ந்து என் செருப்பின் வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். ஜூனில் வந்தபோது யார் பேசினாலும் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தலை நிமிரவில்லை. எனக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது.

அவர்கள் போனபின் சென்னைக்குப் பேசினேன். திட்ட ஒருங்கிணைப்பாளர் கிஷோர், கருவி செய்யும் நிறுவனத்தின் ஆள். தொலைபேசியில் எப்போதும் உற்சாகமாக இருப்பார்.

"சார், உதட்டுக்கும் குரலுக்கும் அரை நொடி தள்ளி வருது. பேச்சு தாமதமான பிள்ளைங்க உதட்டைப் பாத்துத்தான் வார்த்தையைப் பிடிப்பாங்க. அது ஒத்துப்போகலன்னா முகத்தையே பாக்க மாட்டாங்க."

"அடுத்த அப்டேட்ல சரியாயிடும் மேடம்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க."

"போன மாசம் சொன்னது இந்த மாச அப்டேட். இது அதுக்கு அடுத்தது."

"அவ இப்ப யாரையும் ஏறிட்டே பாக்கறதில்ல சார்."

"அதுவும் பதிவாகியிருக்கு மேடம். கண் தொடர்பு குறைவு. ஆட்டிசம் இருக்கான்னு பாக்கச் சொல்லி சிஸ்டமே பரிந்துரை பண்ணியிருக்கு பாருங்க." அவர் குரலில் பெருமை இருந்தது.

"கருவி மாட்டறதுக்கு முன்னாடி நல்லாத்தான் பாத்தா."

"முன்னாடி டேட்டா நம்மகிட்ட இல்லையே."

என்னிடம் இருந்தது. ஜூன் மாதமே ஒரு நோட்டில் இரண்டு பத்தியாக எழுதி வைத்திருந்தேன். அதைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

"ஜூன்ல தமிழ் அறுபத்தொண்ணு. தெலுங்கு நூத்தி நாப்பத்தெட்டு. ரெண்டையும் சேத்துப் பாக்கணும் சார். பிள்ளைக்கு இருக்கறது ஒரு தலைதானே. சிக்கல் இல்லைன்னு நான் சொல்லல. வாக்கியம் அமைக்கத் திணறறா. ஆனா ரெண்டு மொழி இருக்கறதால அது வரல. ஒரு மொழி மட்டும் இருந்திருந்தா அந்த ஒண்ணும் இதே மாதிரிதான் மெதுவா வந்திருக்கும். இப்ப நாம கைல இருந்த பெரிய மொழியையும் புடுங்கிட்டோம்."

நான் ஒரே மூச்சில் அத்தனை பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கிஷோர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல பாயிண்ட் மேடம். ஆனா படிவத்துல தெலுங்குக்குக் கட்டம் இல்லையே."

"சேக்கச் சொல்லுங்க."

"ஒரு கட்டம் சேக்கணும்னா டெண்டர்லருந்து மறுபடி ஆரம்பிக்கணும்."

*

அக்டோபரில் எதுவும் மாறவில்லை. நவம்பரில் எண்பத்தெட்டு. ஜனவரியில் நூற்றுத் தொண்ணூறு. மார்ச் முடிவில் இருநூற்று முப்பத்தெட்டு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சஹஸ்ரா நிமிர்ந்து பார்த்தாள். என் மூக்குத்தி எங்கே என்று கேட்டாள். படம் காட்டினால் பெயர் சொல்லிவிட்டு, கேட்காத இன்னொன்றையும் சொன்னாள். தமிழில் எண்ணும்போது இருபதுக்கு வந்ததும் நிறுத்தி, எதையோ கட்டி முடிச்சுப் போடுவதுபோல் கையைச் சுழற்றிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

ஸ்ரவந்திதான் மாறிப்போயிருந்தாள். புகார் சொல்வதை நிறுத்திவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் பேசினாலும் குழந்தை பேசினாலும் வாயையே பார்த்தாள். ஒருமுறை மட்டும் ஒரு பொருள் கேட்டாள்.

"காதுக்குள்ள வைக்கற அந்த ரப்பர் மேடம். லூசா இருக்கு, கழண்டு கழண்டு விழுது. இருக்கறதுலயே பெரிய சைஸ் தர்றீங்களா?"

குழந்தை வளர்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இருப்பில் இல்லை, எழுதிப்போட்டேன்.

நாடித்துடிப்பும் ஒத்துவரவில்லை. கருவி உண்மையிலேயே காதில்தான் இருக்கிறதா என்று பார்க்க உடல்சூட்டையும் துடிப்பையும் அளந்துகொண்டே இருக்கும். ஜூனில் சஹஸ்ராவின் சராசரி தொண்ணூற்றாறு. அக்டோபர் நடுவில் ஒரே நாளில் எழுபத்து நான்குக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுபத்து நான்கு குறைவு. கருவியில் கோளாறு என்று எழுதினேன். கிஷோரே அழைத்தார்.

"கோளாறு இல்ல மேடம். மன அமைதி. ரெண்டு மொழிக் குழப்பம் தீர்ந்ததும் இதயம் எவ்வளவு நிதானமாயிடுச்சு பாருங்க. எங்க விளம்பரமே இதுதான். ஒரு குழந்தை, ஒரு மொழி, எழுபத்து நாலு துடிப்பு."

"சார், குழந்தையோட இதயம் மொழி மாறினா மெதுவாகாது."

"மத்த குழந்தைங்ககிட்ட ஆகலதான். உங்க குழந்தைகிட்ட ஆகியிருக்கே. அதான் வீடியோ எடுக்கப்போறோம். இதை வெச்சுத்தான் எல்லா மாவட்டத்துக்கும் கருவி குடுக்க அனுமதி கேட்டிருக்கோம். ஏப்ரல் பதினேழாம் தேதி அரசுக் குழு உட்காருது. நாலாயிரம் பிள்ளைங்க மேடம். உங்க பேரும் வரும்."

பட்டதாரி நான். துடிப்பு, ரப்பர், அம்மாவின் கண்கள். மூன்றும் என் முன்னால் இருந்தன. சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

*

ஏப்ரல் நான்காம் தேதி, ஒரு ஞாயிறு மாலை, பெரிய ரப்பர் வந்துவிட்டதால் அதைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடியோவுக்குச் சம்மதக் கையெழுத்தும் வாங்க வேண்டியிருந்தது. சொல்லிவிட்டுப் போகவில்லை.

கதவு திறந்திருந்தது. தரையில் செய்தித்தாள் விரித்து, காம்பு வளைந்ததால் பண்ணையில் கழித்துவிட்ட ரோஜாக்கள் குவிந்திருந்தன. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு..." ஸ்ரவந்தி எண்ணினாள். காதை அடைத்துக்கொண்டவர்கள் பேசுவதுபோல் சற்று உரக்கப் பேசினாள். சஹஸ்ரா அம்மாவின் உதட்டைப் பார்த்து ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். இருபது வந்ததும் கையைச் சுழற்றி முடிச்சுப் போட்டாள்.

மையத்துக்கு வரும்போது காதை மூடித் தொங்கும் அவள் தலைமுடி இப்போது உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தது. இரண்டு காதும் தெரிந்தன. இரண்டிலும் கம்மல் மட்டும்தான் இருந்தது.

"கருவி எங்கேங்க?"

ஸ்ரவந்தி என்னைப் பார்த்தாள். ஓடவில்லை, மறைக்கவில்லை. தலையில் கட்டிய துணியைப் பின்னால் தள்ளினாள். இரண்டு உருண்டைகளும் அவள் காதில் இருந்தன.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அக்டோபர்லருந்தா?"

"ஆயுத பூஜைக்கு மறுநாள்லருந்து." அவள் ஒரு ரோஜாவின் இலையைக் கிள்ளிக்கொண்டே பேசினாள். "முதல்ல பூனைக்கு மாட்டினோம். தலைய உதறி எறிஞ்சிருச்சு. குழம்பு குண்டான் மேல வெச்சோம். சூடு இருக்கு, துடிப்பு இல்லைன்னு சிவப்பு லைட்டு எரிஞ்சுது. இவங்கப்பா ஒரு நாள் போட்டார். அந்த மனுசன் கம்பெனில ராத்திரி ஷிப்டு, பகல்ல தூக்கம். குறட்டைல கழண்டு விழுந்திருச்சு. அப்புறம் யார் இருக்கா? நான்தான்."

"இது எவ்வளவு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியுங்க. தப்புதான். பிள்ளை என் மூஞ்சியைப் பாக்க மாட்டேன்னுட்டா மேடம். நான் பேசறப்ப யாரோ பேசறாங்கன்னு பின்னாடி பாக்கறா. நான் என்ன செய்ய?"

சஹஸ்ரா எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பூனை ஒன்று பாய்ந்து வெளியே ஓடியது.

"எல்லாரும் பேசறது தமிழ்லதான் கேக்குதா உங்களுக்கு?"

"எல்லாரும். என் மாமியார், பக்கத்து வீடு, எல்லாம் தமிழ். அதுவும் நம்ம தமிழ் இல்ல, புத்தகத் தமிழ். இவங்கப்பா பேசறதைக்கூட மரியாதையாச் சொல்லுது. ஆறு மாசமா அந்த மனுசன் என்னை ஒரு வார்த்தை திட்டல." லேசாகச் சிரித்தாள். "லாபம்னு பாத்தா அது ஒண்ணுதான்."

"சஹஸ்ரா?"

சிரிப்பு போய்விட்டது.

"அவ வார்த்தையச் சேத்துப் பேச ஆரம்பிச்சதே இந்த ஆறு மாசத்துலதாங்க. ஒரு வார்த்தை தெலுங்கு நான் கேக்கல. அவ குரல்தான். ஆனா அவ பேச்சு இல்ல."

"அந்த அஞ்சு நிமிஷம் கழட்டி வெச்சுக் கேட்டிருக்கலாமே?"

"பேசுன்னு சொன்னாப் பேசற பிள்ளையா அது? நீங்களே ரெண்டு வருசமாப் பாக்கறீங்க. அந்த அஞ்சு நிமிசம் வாயைத் தொறக்க மாட்டா. மாட்டின உடனே கதை சொல்ல ஆரம்பிப்பா."

ரெண்டு வருசம் இல்லை, ஒன்றுதான். நான் திருத்தவில்லை. கையை நீட்டினேன். அவள் இடது காது உருண்டையைக் கழற்றித் துடைத்துக் கொடுத்துவிட்டு, புண்ணாகியிருந்த அந்தக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

சஹஸ்ரா காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அம்மா, பூனை நம் பாலைக் குடித்துவிட்டது" என்றது என் இடது காது. பிசிறில்லாத வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை.

வலது காதில் உண்மை கேட்டது. "பில்லி... பாலு... தாகி." பூனை, பால், குடித்து. கடைசிச் சொல் முழுதாக முடியவில்லை. நடுவில் இரண்டு மூச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் கழுத்து நரம்பு இழுத்தது.

எனக்குப் புரிந்தது. தெளி மொழியை மட்டும் மாற்றவில்லை. தவறுகளையும் திருத்திவிடுகிறது. குழந்தை திணறுவதையே அது கேட்கவிடுவதில்லை.

"எனக்கு எல்லாமே சரியாத்தான் கேக்குது மேடம்" என்றாள் ஸ்ரவந்தி, நான் கேட்காமலே. "முதல் நாள்லருந்தே சரியாத்தான் பேசறா. அதான் பயமா இருக்கு. அவ தேறியிருக்காளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க மார்க்கு சொன்னாத்தான் தெரியுது." பிறகு மெதுவாகக் கேட்டாள். "இப்ப அவ நிசத்துல எப்படிச் சொன்னா?"

பஞ்சை எடுக்கச் சொல்லி, அந்தக் காதருகே குனிந்து சொல்லிக் காட்டினேன். மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, முடியாத சொல்லை முடிக்காமல்.

"மூணு வார்த்தையா?"

"மூணு."

"சேத்தா?"

"சேத்துத்தான்."

ஸ்ரவந்தி கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டுகூட இல்லை. "போன வருசம் கையைத்தான் காட்டுவா" என்றாள்.

*

"எழுதிடுவீங்களா மேடம்?"

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதினால் மூன்று பதிவு இல்லை, முந்நூறு பதிவு. அவகாசம் அன்றே ரத்தாகும். கிருஷ்ணகிரி வேன். எழுதாவிட்டால், எழுபத்து நான்கு துடிப்பை வைத்துப் பதினேழாம் தேதி குழு கையெழுத்துப் போடும். நாலாயிரம் வீடுகளில் நாலாயிரம் பிள்ளைகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

"எழுதத்தான் வேணும்ங்க. உங்க பொண்ணு அந்தக் கருவியால பேசல. அது காதுல இல்லாததாலதான் பேசினா. அதைச் சொல்லலன்னா நானும் சேந்து பொய் சொன்ன மாதிரி."

அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, ரோஜாவை மட்டும் கீழே வைத்துவிட்டாள்.

"தேர்வு பதினஞ்சாம் தேதி" என்றேன். "தேறினா அன்னிக்கே சேர்க்கைக் கடிதம். அதுல தலைமையாசிரியை கையெழுத்தாகி சேர்க்கை எண் விழுந்துட்டா அதை யாரும் திருப்ப முடியாது. நான் அன்னிக்கு எழுதறேன். அதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்ல."

"அப்ப இன்னும் பதினோரு நாள்."

"பதினோரு நாள் பிள்ளை காதுல..."

"என் காதுல" என்றாள் அவள், குரலில் பழைய எரிச்சலோடு. "ஆறு மாசம் போட்டேன். பதினோரு நாள் போட மாட்டனா?" பெரிய ரப்பரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இதை முன்னாடியே குடுத்திருந்தா காது புண்ணாகாம இருந்திருக்கும். அது வரவே மூணு மாசமா?"

*

பதினைந்தாம் தேதி சஹஸ்ரா இருநூற்று எழுபத்தொரு சொற்கள் சொன்னாள். இருநூற்று எழுபத்திரண்டாவதாகத் தேர்வாளரின் கைக்கடிகாரத்தைக் காட்டி, "பழசு" என்றாள். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

தேர்வு முடிய ஒரு மணி நேரம். கையெழுத்துக்கு மூன்று மணி நேரம். தலைமையாசிரியை சாப்பிடப் போனார், பிறகு கூட்டத்துக்குப் போனார், பிறகு முத்திரை வேறு பீரோவில் இருந்தது. பள்ளி வராந்தா பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம். தேர்வாளர் பார்ப்பார் என்று அந்த ஒரு மணி நேரம் மட்டும் குழந்தையின் காதில் வைத்திருந்த உருண்டைகளை, தேர்வு முடிந்ததுமே ஸ்ரவந்தி எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டுவிட்டாள். கடைசி நிமிடத்தில் சிவப்பு விளக்கு எரிய விடுவதாக இல்லை.

மூன்றரை மணிக்குக் கடிதம் வந்தது. சேர்க்கை எண் நூற்றுப் பதினாறு. ஸ்ரவந்தி அதை இரண்டு முறை படித்தாள். முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள், காய்ந்துவிட்டதா என்று. அப்புறம் தலைத்துணியைத் தள்ளி, ஒன்று, இரண்டு என்று உருண்டைகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தன.

சஹஸ்ராவைக் காணோம். மைதானத்துக் கோடியில் குழாயடியில் தண்ணீரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வர மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

நான் கைபேசியில் படிவத்தைத் திறந்தேன். பதினோரு நாளாக மனதில் எழுதி வைத்தது. அணிந்தவர் பெயர்: ஸ்ரவந்தி. வயது: முப்பத்தொன்று. குழந்தை அக்டோபர் முதல் கருவி அணியவில்லை. அனுப்பினேன்.

ஏற்கவில்லை. அணிபவர் வயது மூன்றிலிருந்து எட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. மறுபடி அனுப்பினேன். மறுபடி அதையே சொன்னது. மூன்றாம் முறை அனுப்பும்முன் கிஷோர் அழைத்தார்.

"வாழ்த்துக்கள் மேடம்! இருநூத்தி எழுபத்தொண்ணு! ஒரு சின்னத் தட்டச்சுப் பிழை, வயசு முப்பத்தொண்ணுன்னு விழுந்திருக்கு. நான் ஆறுன்னு திருத்திட்டேன். பேரும் அம்மா பேர் வந்திருக்கு, அதையும் மாத்திட்டேன்."

"திருத்தாதீங்க சார். பிழை இல்ல."

"சிஸ்டம் எடுக்காது மேடம்."

"சிஸ்டம் எடுக்காட்டி உண்மை இல்லைன்னு ஆயிடுமா?" என் குரல் வராந்தாவில் எதிரொலித்தது. எழுத்தர் எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் குரலைத் தாழ்த்தவில்லை. "கருவியை மாட்டிக்கிட்டது குழந்தை இல்ல, அம்மா. ஆறு மாசமா. நீங்க விளம்பரம் போட்டீங்களே, எழுபத்து நாலு துடிப்பு. அது அமைதி இல்ல சார். அது அம்மா."

கைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"படிவம் எடுக்காட்டிப் போகட்டும். துடிப்பு வரைபடத்தையும் என் நோட்டையும் அச்செடுத்து வெச்சிருக்கேன். பதினேழாம் தேதி நேர்ல வர்றேன்."

"நானும் வர்றேன்" என்றாள் ஸ்ரவந்தி. "என் காதையும் பாக்கட்டும்."

"மேடம், மேடம், இருங்க. அப்ப அந்தக் குழந்தை கருவியே இல்லாம..." அவர் குரலில் உற்சாகம் வடிந்துபோயிருந்தது. "அப்ப எப்படிப் பேசுச்சு?"

அவருக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பாவாடை முழுக்க ஈரமாக சஹஸ்ரா வராந்தா படியேறி வந்தாள். காலையிலிருந்து காத்திருந்து சலித்துப்போன முகம். அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"எந்தசேப்பம்மா! பதா!"

எவ்வளவு நேரம்மா, கிளம்பு. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பாமல் அடம்பிடிக்கும் மகளிடம் ஸ்ரவந்தி கத்துவது. அதே இழுப்பு, அதே நெற்றியடி. நடுவில் ஓர் எழுத்து மட்டும் வழுக்கியது.

ஸ்ரவந்தி அசையவில்லை. கடிதம் மடியில் இருந்து நழுவித் தரையில் விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

"மேடம்?" என்றார் கிஷோர். "என்ன சத்தம்?"

"குழந்தை பேசுது சார்."

"தமிழ்லயா?"

நான் அழைப்பைத் துண்டித்தேன்.

"மள்ளி செப்பு" என்றாள் ஸ்ரவந்தி. இன்னொரு தடவை சொல்லு. "தல்லி, மள்ளி செப்பு."

சஹஸ்ரா அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். பிறகு, சொன்னதையே எத்தனை தடவை சொல்வது என்பதுபோல் ஒரு பெருமூச்சு விட்டு, அம்மாவின் விரலைப் பிடித்து வாசலைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தாள்.